படகுக்கும் ஒரு கரை வேண்டும்

நம் குடும்பங்களில் அதிகமாகப் பேசப்படும் பொருள் எதுவென்று கேட்டால், பிள்ளைகளின் படிப்பும், பெண்ணைக் கரையேற்றுவதும், வீட்டு வாடகையுந்தான் என்று எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர். வாடகையின் சுமையை அறியாத எளிய குடும்பம் தமிழகத்தில் இல்லை. ஆயினும், குடியிருக்க இடம் தேடுவது போலவே, தம் பிழைப்புக்கு ஆதாரமான ஒன்றை நிறுத்தி வைக்க இடம் தேடி அலையும் ஏழைகளும் நம்மிடையே இருக்கின்றனர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தள்ளுவண்டிக்காரர் இரவில் தம் வண்டியை எங்கே விடுகின்றார்? ஆட்டோ ஓட்டுபவர் எந்தத் தெருமுனையில், யாருடைய தயவில் தம் வண்டியை நிறுத்திவிட்டு உறங்கப் போகின்றார்? மீனவர் தம் படகை எந்தக் கரையில் ஏற்றி வைக்கின்றார்?

இம்மூன்றாவது கேள்வியைப் பற்றியே இம்மாதம் வாசகக் குடும்பங்களோடு சற்றுப் பேச விரும்புகின்றோம். பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் மேய்ப்புப் பணி ஆற்றும் பேறு நமக்குக் கிடைத்தபின், படகின் விலையைக் காட்டிலும் படகு நிற்கும் இடமே ஏழை மீனவனுக்குப் பெருங்கவலை என்பதைக் கண்ணாரக் கண்டோம்.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தெற்குக் கோடி மட்டும் தமிழகத்தைச் சேர்ந்தது. ஆரணியாறும் காலங்கியாறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுந்து கலக்கின்றது. இறாலும் நண்டும் மடவையும் இந்தக் கலப்பு நீரில்தான் செழிக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கு வந்து 1613-இல் கோட்டை எழுப்பினர். அதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1515-இல், போர்த்துக்கீசியர் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா திருத்தலம் இன்றும் நம் மக்களின் ஆறுதலாக விளங்குகின்றது. வந்தவர் எவராயினும் அவர்களது முதற்கேள்வி ஒன்றாகவே இருந்திருக்கும்: கலத்தை எங்கே நிறுத்துவது? ஆழமற்ற இந்த ஏரியில் பெருங்கப்பலுக்கு இடமில்லை. சிறு தோணிக்குத்தான் இடம். இறைவன் இந்நீர்நிலையைச் சிறியோருக்கென்றே வகுத்துவைத்தாரோ என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.

படகு நிறுத்துவதென்றால் கயிற்றைக் கட்டிவிட்டுப் போவதுதானே என்று நகரத்தில் வாழ்வோர் நினைக்கக்கூடும். அது அத்தனை எளிதன்று. இக்காலத்து மீனவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கண்ணாடியிழைப் படகு ஏறக்குறைய 28 முதல் 32 அடி நீளமுள்ளது. நாட்கணக்கில் நீரிலேயே கிடந்தால் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஏறிவிடும். புயற்சின்னம் தோன்றினால் நீரில் நிற்கும் படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும். ஆகவே மணற்சரிவான கரை வேண்டும். பெரிய ஏற்ற அலை தொடாத மேடு வேண்டும். படகை ஏற்றி இறக்க நாலு கைகள் பக்கத்தில் இருக்க வேண்டும். இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து கொண்டுபோகும் தொலைவிலேயே வீடு இருக்க வேண்டும். வலையை விரித்து உலர்த்தவும், கிழிசலைத் தைக்கவும் நிழல் வேண்டும். இத்தனையும் சேர்ந்ததே படகின் இடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதற்கு ஈடாகப் பணம் செலவாகும்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு விதவைத் தாய் தம் ஒரே மகனோடு நம்மைக் காண வந்தார். கணவர் நோயுற்று இறந்தபின், அவர் வாழ்ந்த ஊரில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து வீட்டின் முற்றம்வரை நெருங்கிவிட்டதால், பிறந்த குப்பத்திற்கே திரும்பிவிட்டவர். கையிலிருந்த நகையை விற்று, பழைய கண்ணாடியிழைப் படகொன்றை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். படகு வாங்கியாயிற்று, ஆனால் அதை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நான்கு மாதமாக அலைந்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

“வீடு இல்லாட்டிக்கூட நானும் பிள்ளையும் யாரு வீட்டுத் திண்ணையிலாவது படுத்துக்குவோம், சாமி. படகை எந்தத் திண்ணையில படுக்க வைக்கிறது?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் உடனே விடையில்லை. மகனோ பள்ளி நோட்டொன்றில் கணக்கெழுதி வைத்திருந்தார். மூன்று இடங்களைப் பார்த்து, மூன்றுக்கும் கணக்குப் போட்டிருந்தார். அந்த நோட்டிலிருந்து நாம் கற்றுக்கொண்டதைச் சொன்னால் பிறருக்கும் பயன்படும்.

முதலாவது இடம் காசிமேடு. அங்கே சந்தை பெரிது. விலையும் நல்ல விலை. ஆனால் துறைமுகத்தில் ஏற்கெனவே விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சிறு படகு அவற்றினிடையே நசுங்காமலிருப்பதே பாடு. மேலும் தாயை ஊரில் விட்டுவிட்டு மகன் நகரத்தில் தனியே தங்க வேண்டும். இரண்டு அடுப்பு எரிய வேண்டும். ஒரு படகுக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரிவது நட்டக் கணக்கு.

இரண்டாவது இடம் கால்வாய் ஓரத்தில் தனியார் ஒருவரின் நிலம். மாதம் 1,500 ரூபாய் வாடகை; இரவில் வாயிற்கதவு பூட்டப்படும். மீனவனோ அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவன். கதவு திறக்கும்வரை காத்திருந்தால் மீன் காத்திராது. அவ்வாடகையின் பாரத்தையும் அவர் எழுதிக் காட்டினார். ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்க்கு மீன் விற்றால், எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் 1,200 போய்விடும். மீதி 1,800-ஐ ஆறு பங்காக்கினால், நான்கு ஆட்களுக்கு நான்கு, வலைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. ஆக, படகுப் பங்கு 300 ரூபாய். மாதத்தில் 15 நாள் தொழில் நடந்தால் படகுக்குக் கிடைப்பது 4,500. அதில்தான் இயந்திரப் பழுது, கடன் தவணை, படகின் வெடிப்பை அடைக்கும் செலவு எல்லாம் நடக்க வேண்டும். இடவாடகை ஒன்றே அதில் மூன்றிலொரு பங்கைத் தின்றுவிடும். காற்றும் மழையுமாய்ப் பத்து நாள் தொழில் நின்றாலும் வாடகை நிற்பதில்லை.

மூன்றாவது இடம் இலவசம்! மீன் வியாபாரி ஒருவர் தம் கொட்டகை அருகே படகை நிறுத்திக்கொள்ளச் சொன்னதோடு, வலை வாங்க முன்பணமும் தருவதாகச் சொன்னார். வாடகை ஒரு காசுமில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: பிடிக்கும் மீனையெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். இளைஞர் இதற்கும் கணக்கெழுதியிருந்தார். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும், நாளொன்றுக்கு 20 கிலோவென்றால் 200 ரூபாய். 15 நாளைக்கு 3,000 ரூபாய். கால்வாய் ஓரத்து வாடகையைப் போல் இருமடங்கு! அதில் கூட்டாளிகளின் கூலியும் சேர்ந்து கரைந்துபோகின்றது. இலவசமாகக் கிடைத்த இடமே எல்லாவற்றிலும் விலை உயர்ந்த இடமாக முடிந்தது. முன்பணம் தீரும்வரை அங்கிருந்து படகை நகர்த்தவும் முடியாது. இவ்வுண்மையை ஓர் இளைஞர் பென்சிலால் எழுதிக் கண்டுபிடித்ததைக் கண்டு நாம் வியந்தோம்.

எஞ்சியிருந்தது ஊரின் பொதுக்கரை. அதற்கு வாடகை கிடையாது. ஊர் வரி மட்டுமே உண்டு. ஆனால் அந்தக் கரை யாருக்கு உரியது என்பதில்தான் சிக்கல். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் இடத்தையும் முறையையும் ‘பாடு’ என்று வழங்குவர். உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று வகுத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே என்றென்றும் போய்விடாதபடி முறை மாறி மாறி வரும். எந்தச் சர்க்காரும் எழுதிக் கொடுக்காத இச்சட்டத்தை முன்னோர் தாமே வகுத்தனர். ஆனால் இவ்வுரிமை தந்தை வழியே மகனுக்கு வருவது. வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப்போய், கைம்பெண்ணாகத் திரும்பி வந்த மகளின் பெயர் ஊர் வரிப் பட்டியலில் இராது. அவள் பெற்ற பிள்ளைக்கும் கரையில் இடமில்லை.

அத்தாயின் வேண்டுகோளுக்கிணங்கி நாம் பஞ்சாயத்தாரைச் சந்தித்தோம். அவர்களில் பெரும்பாலோர் நம் சமயத்தவரல்லர். எனினும் நமக்கு நாற்காலி போட்டு, மரியாதையோடு செவிசாய்த்தனர். இரண்டு மாலைப்பொழுது பேச்சு நடந்தது. மறுத்துப் பேசியவர்களைக் கல்நெஞ்சர் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாகக் கிடைத்த படகுகளால் கரையில் நெருக்கம் பெருகிவிட்டது; கரையோ நாளுக்கு நாள் குறுகுகின்றது; இன்று ஒரு மகளின் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் நாளை பத்து மகள்களின் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்; அப்போது யாரை ஏற்பது, யாரை விலக்குவது? இக்கேள்விகளை எளிதாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

இறுதியில் வழி காட்டியவர் அங்கிருந்தவர்களிலேயே மிக மூத்தவர். “அந்தப் பொண்ணோட அப்பன் படகு நின்ன இடம் அது போனபின்ன சும்மாத்தானே கெடக்குது? கட்டுமரத்துக் காலத்துல அந்த ஆளு நம்ம எல்லாருக்கும் தோள் கொடுத்தவன். அவன் பேரன் படகு அங்க நிக்கட்டும்” என்றார். அதன்பின் நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. இளைஞர் கடல் தொழில் மட்டுமே செய்ய வேண்டும். ஏரியில் பாடு கேட்கக் கூடாது. ஊர் வரியில் அரைப்பங்கு செலுத்த வேண்டும். அக்கம்பக்கத்துப் படகுகளைக் கரையேற்றவும் இறக்கவும் தோள் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஊர் கூடி மறுபடி முடிவு செய்யும். ஏறக்குறைய எட்டடி அகல மணலுக்கு இத்தனை ஒப்பந்தம்! ஆயினும், அது எந்தப் பத்திரத்தையும்விட உறுதியான ஒப்பந்தமாக நமக்குத் தோன்றியது. ஏனெனில், அதற்கு ஊர் முழுவதும் சாட்சி. இன்றுவரை அப்படகு அவ்விடத்தில்தான் நிற்கின்றது. இரண்டு முறை ஊர் கூடி அவ்வனுமதியைப் புதுப்பித்திருக்கின்றது.

ஊரார் அஞ்சியதுபோல் கரை குறுகுவது மெய்யே. அதன் காரணத்தையும் அறிந்துகொள்வது நலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கிழக்குக் கரையோரமாக அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. கடலுக்குள் கற்சுவர் நீட்டினால், அதன் தென்புறம் மணல் குவியும். வடபுறத்திற்கு மணல் வராமையால் கடல் கரையை அரித்துத் தின்னும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் கரை தேய்ந்ததும் இவ்விதியாலேயே. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. அவற்றின் வடக்கே இருப்பவை நம் குப்பங்கள். துறைமுகங்களால் நாட்டுக்கு விளையும் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நன்மையின் விலையை யார் கட்டுகின்றார்கள் என்று கேட்பது தவறாகாது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறீஅரிக்கோட்டாத் தீவில் விண்வெளித் தளம் அமைந்தபோது அங்கிருந்து பெயர்ந்த மீனவக் குடும்பங்களிற் பல இந்த ஏரிக்கரைக்கே வந்து சேர்ந்தன. அந்தத் தளத்திலிருந்து 1971-இல் முதல் இராக்கெட் எழும்பியது. இராக்கெட்டுக்கு இடம் கிடைத்ததில் நமக்குப் பெருமையே. தோணிக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

இவற்றோடு முகத்துவாரத்தின் தொல்லையும் சேர்கின்றது. கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டால், ஏரிப்பக்கம் நிற்கும் படகு கடலுக்குப் போக முடியாது. மீனவர்கள் தாமே கூடி மணலை வெட்டித் திறந்த காலமுண்டு. பிறகு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க அலைத்தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தை மாநில அரசு மேற்கொண்டது. ஆக, படகின் இடமென்பது மணலைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அவ்விடத்திலிருந்து கடலுக்கு வழியிருக்கின்றதா என்பதும் அதில் அடங்கும்.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் வீட்டு வாடகை கட்ட இயலாத பலர் வண்டியையே வீடாக்கிக்கொண்டு வாழ்கின்றனர். படுக்கையும் அடுப்பும் கொண்ட பெரிய வண்டிகள் அவை. வண்டி இருக்கின்றது, அதை நிறுத்த இடமில்லை. தெருவோரம் நிறுத்தினால் காவலர் எழுப்புகின்றனர்; தனியார் திடலில் நிறுத்தினால் மாத வாடகை அவர்களது சிறு வருமானத்தை விழுங்குகின்றது. விதவைத் தாயின் மகன் நோட்டில் எழுதிய அதே கணக்கைக் கடல் கடந்த நாட்டிலும் ஏழைகள் எழுதிக்கொண்டிருக்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாந்தா பார்பரா நகரில், 2004-இல் ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கிற்று. இரவில் வெறுமையாகக் கிடக்கும் கோயில் வளாகங்களிலும் பொதுநல நிறுவனங்களின் முற்றங்களிலும் இத்தகையோர் தங்கள் வண்டிகளை அச்சமின்றி நிறுத்தி உறங்க அனுமதிப்பதே அது. ஞாயிற்றுக்கிழமையில் நம் வண்டிகள் நிற்கும் முற்றம், மற்ற இரவுகளில் ஏழையின் வீட்டு முற்றமாகின்றது!

பிரிட்டனில் கால்வாய்ப் படகுகளிலேயே குடியிருப்போர் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது. நிலையான துறைக்கோ வாடகை கட்ட வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குப் பதினான்கு நாளைக்கொருமுறை வீட்டை நகர்த்துவதென்றால் எத்தகைய சங்கடம்! பிரான்சு நாட்டிலோ 2000-ஆம் ஆண்டு ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், 5,000 பேருக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர்கள் நாடோடி மக்களின் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கும் ஏற்பாட்டில் பங்கேற்க வேண்டும் என்று பணிக்கின்றது. இடம் கொடுப்பதைத் தனிமனிதர் தயவுக்கு விட்டுவிடாமல் ஊரின் கடமையாக்கியது அச்சட்டம். நம் குப்பத்துப் பெரியவர்கள் சட்டமின்றியே செய்ததும் அதுவே.

திருச்சபை இதில் என்ன சொல்கின்றது? திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1965 செப்டம்பர் 26-ஆம் நாள் உரோமை நகருக்கு அப்பால் பொமேசியாவில் கூடாரமிட்டிருந்த நாடோடி மக்களைத் தேடிச் சென்று சந்தித்தார். இடமற்றவர்களைத் தேடித் திருச்சபையின் தலைவரே சென்ற நாள் அது. ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோருக்கென ஒதுக்கிய 1987-ஆம் ஆண்டில், நீதிக்கும் அமைதிக்குமான திருத்தந்தை ஆணையம் உலகின் வீட்டுப் பிரச்சினையைப் பற்றித் தனியோர் ஏட்டையே வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014 அக்டோபரில் எளிய மக்கள் இயக்கத்தாரைச் சந்தித்தபோது, நிலம், கூரை, வேலை ஆகிய மூன்றையும் புனித உரிமைகளாக எடுத்துரைத்தார். மீனவனின் படகில் இம்மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்று நாம் சொன்னால் மிகையாகாது. அது நிற்கும் மணல் அவன் நிலம். அதன் நிழலில் அவன் வலை பின்னுகின்றான். அதுவே அவன் வேலை.

நம் ஆண்டவரும் படகு நிறுத்தும் கரைகளை நன்கறிந்தவர். பிறக்கும்போது சத்திரத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பணிவாழ்வைத் தொடங்கியபின் கெனசரேத்து ஏரிக்கரையில் நின்ற இரு படகுகளைக் கண்டு, அவற்றில் சீமோன் இராயப்பரின் படகில் ஏறி அமர்ந்து மக்களுக்குப் போதித்தார். கூட்டம் நெருக்காதபடி தமக்கென ஒரு சிறு படகை ஆயத்தமாக வைத்திருக்கும்படி சீடரிடம் அவர் சொன்னதாக மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரம் கூறுகின்றது. 1986-இல் அந்த ஏரியில் நீர் வற்றியபோது, சேற்றினடியில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு பழமையான மீன்பிடிப் படகொன்று அகப்பட்டது. எட்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம்; நம் மீனவரின் கண்ணாடியிழைப் படகுக்கு ஏறக்குறைய ஒத்த அளவு! அதை ஆராய்ந்தோர், பத்துப் பன்னிரண்டு வகை மரத்துண்டுகளைக் கொண்டு திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்ட படகு அது என்று கண்டனர். புது மரம் வாங்க வழியின்றி, கிடைத்த துண்டையெல்லாம் பொருத்திக் காலந்தள்ளிய ஏழைகளின் படகு. அத்தகைய படகொன்றையே ஆண்டவர் தம் பிரசங்க மேடையாகத் தெரிந்துகொண்டார். கோயிலின் நடுக்கூடத்துக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் ‘நாவிஸ்’ என்ற பெயருக்குக் கப்பல் என்பதே பொருள். நாம் ஞாயிறுதோறும் முழந்தாளிடுவது ஒரு படகுக்குள் என்பதை மறவாதிருப்போமாக.

இனி, நம் இளைஞர்க்குச் சில நடைமுறை யோசனைகள். படகு வாங்குமுன் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். படகை வாங்கிவிட்டு இடம் தேடுவோரின் அவசரத்தை வாடகைக்கு விடுவோர் நன்கறிவர். வாடகையைக் கணக்கிடும்போது நல்ல மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்கிடாமல், ஐப்பசி கார்த்திகைப் புயல் மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வாடகையோடு இரவுக் காவல், படகை இழுக்கும் கூலி, இயந்திரத்தைக் கொண்டுபோகும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். இடத்தோடு முன்பணமும் சேர்ந்து வந்தால், அதன் மறைமுக விலையை எழுதிப் பார்க்காமல் கைந்நீட்டாதீர்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி படகைப் பதிவு செய்து, கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகி, ஊர் வரிச் சீட்டுகளைக் கிழியாமல் பாதுகாத்து வையுங்கள். ஏழைக்குத் தாளே பத்திரம்.

வியாபாரியின் கடனில் சிக்கியவர்கள் மீளவே முடியாதென்று மனந்தளர வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகசேவைச் சங்கத்தால் ஊக்கம் பெற்ற மீனவர்கள், 1970-களில் ஊர்தோறும் சங்கம் அமைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலமிட்டு, சேமிப்பும் கடனும் தங்களுக்குள்ளேயே நடத்திக் காட்டினர். கேரளத்திலும் அவ்வாறே எழுந்த சங்கங்களோடு சேர்ந்து, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. தனியொருவனால் அறுக்க முடியாத கயிற்றை ஊர் கூடி அறுத்த கதை அது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றி மத்திய அரசு 2011-இலும் 2019-இலும் வெளியிட்ட அறிவிக்கைகளின்படி, கடற்கரை வரைபடங்களில் மீனவக் கிராமங்களையும் அவர்களது பொது இடங்களையும் குறித்தாக வேண்டும்; மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வகுத்தாக வேண்டும். ஆகையால், வரைபடம் பார்வைக்கு வைக்கப்படும்போது, படகு நிறுத்தும் மணலும், வலை உலர்த்தும் திடலும், மீன் காயவைக்கும் இடமும் அதில் இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பகலில் படகுகளெல்லாம் கடலுக்குப் போயிருக்கும் வேளையில் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மணல் வெறும் இடமாகத்தான் தெரியும். வரைபடத்திலும் வெறும் இடமாகிவிட்டால், நாளை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கப்படும். அப்போது விதவையின் மகனுக்கு இடம் கொடுக்கலாமா என்று பேசுவதற்கே கரை இராது.

நம் தமிழில் பங்கு என்றால் மீன்விற்ற பணத்தில் ஒருவருக்குச் சேரும் பாகம். பங்கு என்றால் நம் கோயிலைச் சார்ந்த மக்கள் கூட்டமும் அதுவே. பாடு என்றால் வலை போடும் முறை. ஆண்டவர் நமக்காகப் பட்டதும் பாடே. இச்சொற்களை இப்படி இணைத்து வைத்த மொழியில் பிறந்த நமக்குப் பொருள் விளங்காமல் போகாது. தனக்குரிய பங்கைப் பெறாதவன் இருக்கும்வரை பங்கு நிறைவடைவதில்லை.

ஆகவே, இம்மடலைப் படிக்கும் குடும்பங்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் வீட்டருகே காலியிடமோ, கொட்டகையோ, அகன்ற வாசலோ இருந்தால், அதில் இரவில் தன் வண்டியையோ, தையல் இயந்திரத்தையோ, மீன்கூடையையோ வைக்க இடமின்றித் தவிப்பவர் யாரென்று விசாரியுங்கள். கோயில் நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில், நம் வளாகத்தில் பயனின்றிக் கிடக்கும் இடம் எது என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். எட்டடி மணல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதை நாம் கண்டோம். அதற்கு ஊர் கொடுத்தது பணமன்று. தோளோடு தோள் ஒட்டி நின்று, இடையில் ஒரு படகுக்கு வழிவிட்டது. அவ்வளவேதான். அந்த அளவு இடம் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றது.